செர்ரி சேர்த்த ஓக் பீப்பாய் ஸ்டவுட்: 13 டிகிரியில் ஒரு மதிப்பெண்

பீருக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் நிறத்தை எழுதுகிறார்கள், நுரையை எழுதுகிறார்கள், மணத்தையும் சுவையையும் பத்தி பத்தியாக எழுதுகிறார்கள். எந்த வெப்பநிலையில் குடித்தார்கள் என்பதை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். நம் கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் லாகர் வகைப் பீருக்கு அது பெரிய குறையன்று. அதைச் சில்லென்று ஊற்றி, குளிர்ச்சி அடங்குவதற்குள் முடித்துவிடுவதுதான் வழக்கம். பழம் சேர்த்து, ஓக் பீப்பாயில் மாதக்கணக்கில் ஊறவைத்த, 10 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ள ஸ்டவுட் என்ற கரிய பீரை அப்படி மதிப்பிட வழியில்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் வாயில் படும் சுவைக்கும், அரை மணி நேரம் கழித்து அதே கோப்பையில் கிடைக்கும் சுவைக்கும் ஒரே மதிப்பெண்ணைப் போட முடியாது. குளிர்நாட்டு வீடுகளில் மெல்ல நிகழும் இந்த மாற்றம், ஆனி மாதத்துப் பாளையங்கோட்டையில், இரவு ஏழு மணிக்கும் 33 டிகிரி காய்கிற தார்சாவில் (வீட்டின் முன்தாழ்வாரத்தில்), கண்ணெதிரே விறுவிறுவென்று நடந்துவிடும். நம் ஊர் வெக்கை இந்த மாதிரி பீருக்கு ஆகாது என்பார்கள். குடிக்கிறவனுக்கு ஆகாமல் இருக்கலாம். மதிப்பெண் போடுகிறவனுக்கு இதைவிட வசதியான ஊர் கிடைக்காது.

நான் பேசப்போகும் பாட்டில், வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் மைத்துனர், விமானப் பயணிகளுக்கு அனுமதிக்கப்பட்ட 2 லிட்டருக்குள் அடக்கிக் கொண்டுவந்தது. 330 மில்லி, 11.5 விழுக்காடு ஆல்கஹால். புளிப்புச் செர்ரி சேர்த்து, முன்பு போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் வைத்தது என்று லேபிள் சொல்கிறது. ஆலையின் பெயரை எழுதப்போவதில்லை. பீப்பாய்க்குப் பீப்பாய் சுவை மாறும் ஒரு சரக்கில், பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே நெடுந்தூரம் வந்த ஒரே ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு ஆலைக்கே தீர்ப்பு எழுதுவது முறையாகாது. தவிர, டாஸ்மாக் அலமாரியில் கிடைக்கிற பொருளும் அல்ல. பெயர் தெரிந்து யாருக்கும் பயனில்லை.

முதலில் அதன் வலுவைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் கடைகளில் ‘ஸ்ட்ராங்’ என்று கேட்டு வாங்கும் பீர் 8 விழுக்காட்டைத் தாண்டாது. இந்த 330 மில்லியில் இருக்கும் ஆல்கஹாலோ ஏறக்குறைய 38 மில்லி, 42.8 விழுக்காடு உள்ள பிராந்தியில் 90 மில்லி, அதாவது சரியாக ஒரு கட்டிங், குடித்தால் உடம்புக்குள் போகும் அளவு அதுதான். பாட்டில் சின்னதாக இருக்கிறதே என்று தனியாளாக முடிக்க நினைப்பவர் இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்வது நல்லது. மைத்துனரும் நானும் பகிர்ந்துகொண்டு, ஒரு சிறு பங்கை மறுநாள் பார்ப்பதற்கென்று தனியே மூடி வைத்தோம்.

இதன் கறுப்பு நிறத்திற்குச் செர்ரியும் காரணமில்லை, பீப்பாயும் காரணமில்லை. பார்லியைக் காப்பிக்கொட்டை வறுக்கிற மாதிரி உருளையில் போட்டு வறுப்பதால் வரும் நிறம் அது. இங்கிலாந்தில் டேனியல் வீலர் என்பவர் 1817இல் அந்த உருளை வறுப்பானுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகுதான், கருக வறுத்த மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, கொஞ்சமாகச் சேர்த்தே தொட்டி முழுவதையும் கறுப்பாக்க முடிந்தது. வலுவான கருநிறப் பீர் அதற்கும் முந்தியது. லண்டனின் சதக் பகுதியில் இருந்த திரேல் குடும்பத்து ஆலையிலிருந்து ரஷ்யாவுக்குக் கப்பலேறியது அந்தச் சரக்கு. 1781இல் அந்த ஆலை பார்க்லே பெர்கின்ஸ் கைக்கு மாறிய பிறகும் வியாபாரம் நிற்கவில்லை. இம்பீரியல் ஸ்டவுட் என்று இன்று அழைக்கப்படுவது அந்த வழியில் வந்தது.

பீப்பாயின் கதை வேறு. ஒரு காலத்தில் எல்லாப் பீரும் மரப்பீப்பாயில்தான் இருந்தது. அப்போது மரத்தின் ருசி பீரில் இறங்காமல் பார்த்துக்கொள்வதே ஆலைக்காரர்களின் கவலை. இன்று மரத்தின் ருசிக்காகவே பீப்பாயைத் தேடிப்போகிறார்கள். அதற்கு அமெரிக்கச் சட்டம் ஒரு காரணம். போர்பன் விஸ்கியை உட்புறம் கரித்த புதிய ஓக் கலனில்தான் வைக்க வேண்டும் என்பது அங்கே விதி. ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய் மறுமுறை போர்பனுக்கு உதவாது. சுமார் 200 லிட்டர் கொள்ளும் அந்தப் பீப்பாய்கள், விஸ்கியை உறிஞ்சிய ஈரம் காயாமலே வெளியே விற்பனைக்கு வந்துவிடுகின்றன. 1990களில் சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலை அப்படிப்பட்ட பீப்பாய்களில் இம்பீரியல் ஸ்டவுட்டை ஊற்றி வைத்து, இந்த வகைக்கே ஒரு சந்தையை உண்டாக்கியது. பழம் சேர்ப்பது பெல்ஜியத்துக்காரர்களின் பழைய கைவேலை. பிரஸல்ஸ் பக்கத்து ‘கிரீக்’ என்ற பீர், புளிப்புச் செர்ரியை முழுசாகப் போட்டு ஊறவைப்பது; ருசெலாரே ஊரின் ரோடன்பாக் ஆலையில் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் ஓக் தொட்டிகளில் செம்பழுப்புப் பீர் புளிக்கப் புளிக்கக் கிடக்கும். ஆக, இந்தப் பாட்டிலுக்குள் லண்டன், போர்பனுக்குப் பேர்போன கென்டக்கி, பெல்ஜியம் என்ற மூன்று ஊர்ப் பழக்கங்களும் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா, தனித்தனியாக முறுக்கிக்கொண்டு நிற்கின்றனவா என்பதைத்தான் மதிப்பிட வேண்டும்.

மதிப்பெண்ணுக்கு அமெரிக்காவில் 1985இல் தொடங்கப்பட்ட பீர் நடுவர் சான்றிதழ் அமைப்பான பி.ஜே.சி.பி.யின் தாளையே பின்பற்றுகிறேன். மொத்தம் 50, மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த மதிப்புக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்று மதிப்பெண் வைத்திருப்பது இதில் எனக்குப் பிடித்த அம்சம். கோப்பையைப் படம் பிடித்துப் போடும் காலத்தில் அதற்கு இதைவிடக் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை. கோப்பை விஷயத்தில் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும்: எண்ணெய்ப் பாத்திரத்தோடு சேர்த்துக் கழுவிய கிளாஸில் நுரை நிற்காது. சின்ன ஒயின் கிளாஸ் ஒன்றைத் தனியே கழுவி, துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவைத்துக்கொண்டேன். சமையலறையில் பால் காய்ச்சும்போது வைத்துப் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானியும் பக்கத்தில் இருந்தது.

ஊற்றும்போது 6 டிகிரி. விளக்கொளிக்கு நேரே பிடித்தாலும் வெளிச்சம் ஊடுருவவில்லை. கோப்பையைச் சாய்த்தால் ஓரத்தில் மட்டும் மெல்லிய செம்மை தெரிந்தது, அது செர்ரி தந்தது. காப்பி நிறத்தில் எழும்பிய நுரை ஒரு நிமிடம்கூட நிற்காமல் கண்ணாடியைச் சுற்றி ஒரு கோடாக ஒடுங்கிவிட்டது. ஆல்கஹால் கூடக்கூட நுரையின் ஆயுள் குறையும். பீப்பாயில் நாள்பட்ட பீரில் அது இன்னும் குறையும். அதற்காக ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் குறைக்க மனம் வரவில்லை. மணம் அநேகமாக ஒன்றுமில்லை. வாயில் வைத்தால் கருகிய கசப்பு, கூர்மையான புளிப்பு, பல்லோடு ஒட்டும் துவர்ப்பு, இவ்வளவுதான். குளிரில் நாக்கு இனிப்பைச் சரியாக உணராது. கசப்பும் துவர்ப்பும் மட்டும் முன்னே வந்து நிற்கும். இந்த நிலையிலேயே மதிப்பெண் போட்டிருந்தால் 25க்கு மேல் போயிருக்காது.

10 டிகிரியில் செர்ரி வந்தது. பழக்கடைச் செர்ரி இல்லை; பாதாம் எசன்ஸ் பாட்டிலைத் திறந்த மாதிரி ஒரு வாடை முதலிலும், அதற்குப் பின்னால் பழத்தின் புளிப்பும். அந்தப் பாதாம் வாடை செர்ரியின் கொட்டையிலிருந்து வருவது. பென்சால்டிஹைடு என்ற ஒரே வேதிப்பொருள்தான் கசப்பு வாதுமைக்கும் செர்ரிக் கொட்டைக்கும் அந்த மணத்தைக் கொடுக்கிறது. பழத்தைக் கொட்டையோடு போட்டிருக்கிறார்கள் என்று இதிலிருந்து ஊகிக்கலாம். பழத்தின் இனிப்பு இல்லையே என்று யாரும் ஏமாறக்கூடாது. பழத்தைப் புளிக்கும் பீரில் போட்டால் அதிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்றுதீர்த்துவிடும், மணமும் புளிப்பும் நிறமும் துவர்ப்பும்தான் மிஞ்சும். செர்ரிப் பீர் என்று விற்கும் சில சரக்குகள் சர்பத் மாதிரி தித்திக்கின்றன என்றால், கடைசியில் சாறோ சர்க்கரையோ கலந்திருக்கிறார்கள் என்று பொருள். இந்தப் பாட்டிலில் அந்த வேலை நடக்கவில்லை. அதற்காகவே எனக்கு இதன்மேல் மரியாதை கூடியது.

இந்த இடத்தில்தான் பக்கத்து வீட்டு அண்ணாச்சி வந்து சேர்ந்தார். உடன்குடிப் பக்கத்துக்காரர், கருப்பட்டி மொத்த வியாபாரத்திலேயே தலை நரைத்தவர், சீனி கலந்த கருப்பட்டியை உடைத்து மூக்கருகே கொண்டுபோன மாத்திரத்தில் ஒதுக்கிவிடுவார். ஒரு சொட்டுக் குடிக்கமாட்டார். ஆனால் மணத்துக்கு உள்ள 12 மதிப்பெண்ணை வழங்க எனக்குத் தெரிந்த வட்டாரத்தில் அவரைவிடத் தகுதியானவர் யாரும் கிடையாது என்பதால் கோப்பையை நீட்டினேன். அப்போது அது 13 டிகிரியைத் தொட்டிருந்தது.

மூக்கைக் கோப்பைக்குள் விடாமல், உள்ளங்கையால் விசிறி இழுத்து மோந்தார்.

“கூப்பதனி அடிப்புடிச்ச வாசம்லா வருது. நல்ல சரக்குத்தான், கிண்டுனவன் கொஞ்சம் கண்ணசந்துட்டான். அதுக்கு மேல ஏதோ பழம் புளிச்சிருக்குவே.”

“பழந்தான் அண்ணாச்சி, செர்ரி.”

“கேக்கு மேல வைக்கானுவளே, அதா?”

“அது களாக்காய் அண்ணாச்சி. சீனிப்பாகுல போட்டுச் சாயம் ஏத்தி விக்காங்க. இது நெசச் செர்ரி.”

பதனீர் காய்ந்து சுண்டி, சிரட்டையில் ஊற்றும் பக்குவத்துக்குச் சற்று முன்னால் கொப்பரையின் அடியில் பிடித்துக்கொள்ளும்போது எழும் வாசனையை அவர் சொல்கிறார். இந்தப் பீரின் மணத்தை இதைவிடத் துல்லியமாக நான் எங்கும் படித்ததில்லை. சர்க்கரைப் பொருளும் புரதப் பொருளும் சூட்டில் கூடிப் பழுப்பேறும் அதே வினைதான் கொப்பரையிலும் நடக்கிறது, மால்ட் வறுக்கும் உருளையிலும் நடக்கிறது. ஆகவே மணம் ஒத்துப்போவதில் வியப்பொன்றும் இல்லை. மதிப்பெண் கேட்டபோது அவர் 7 சொன்னார், நான் 9 என்றேன். “அடிப்புடிச்ச சரக்குக்கு ஒம்போது போடுதீரே, என்ன கணக்குவே இது?” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவர் தொழிலில் அது கழிவு, இந்தத் தொழிலில் அதுவே நோக்கம். என் 9 அப்படியே இருக்கிறது.

13இலிருந்து 16 டிகிரி வரையுள்ள அந்தக் கொஞ்ச நேரம்தான் இந்தப் பீருக்கு உச்சம். ஓக் மரத்தின் பங்கு அப்போதுதான் வெளிப்பட்டது. பீப்பாயின் உட்புறத்தைத் தீயில் கரிக்கும்போது மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் சிதைந்து, வெனிலா மணமுள்ள வெனிலின் உண்டாகிறது. ஓக் மரத்துக்கே உரிய லாக்டோன் என்ற பொருள் தேங்காய் மணத்தைத் தருகிறது, அமெரிக்க வெள்ளை ஓக்கில் அது தூக்கலாக இருக்கும். கருப்பட்டி மணமும் தேங்காய் மணமும் சேர்ந்து வரும்போது திருநெல்வேலிக்காரன் நாக்குக்கு அது அந்நியமாகத் தோன்றாது. செர்ரியின் புளிப்பு அந்தக் கனத்தை அறுத்துவிட்டு, அடுத்த வாய்க்கு நாக்கைத் தயார் செய்கிறது. பழம் சேர்த்ததன் நியாயமே அதுதான். வெறும் இம்பீரியல் ஸ்டவுட்டில் நான்காவது வாய்க்கே ஒரு சலிப்பு தட்டும், இதில் தட்டவில்லை.

துவர்ப்பை மட்டும் தனியே சோதித்துப் பார்க்க விரும்பினேன். ஆனி மாதம் என்பதால் நாவல்பழம் வீட்டில் இருந்தது. ஒரு பழத்தைத் தின்று, வாயைக் கொப்பளிக்காமல் ஒரு மிடறு குடித்தேன். நாவலின் துவர்ப்பு நாக்கின் நடுவைப் பிடித்து இழுத்தது. பீரின் துவர்ப்பு ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் படிந்தது. முன்னது பழத்தோடு போய்விட்டது. பின்னது விழுங்கிய பிறகும் நெடுநேரம் மரத்தூள் மாதிரி காய்ந்துகொண்டே இருந்தது. செர்ரித் தோலும் வறுத்த பார்லியும் கொஞ்சம் துவர்ப்பைத் தரும் என்றாலும், இந்த வறட்சி பீப்பாயில் தேவைக்குமேல் இருந்துவிட்டதால் வந்தது என்பது என் கணிப்பு. இரண்டு மாதம் முன்பே இறக்கியிருக்கலாம். சுவையில் நான் குறைத்த மதிப்பெண்ணில் பெரும்பகுதி இதற்குத்தான்.

19 டிகிரிக்கு மேல் இறக்கம் தொடங்கியது. ஆல்கஹால் அதுவரை மற்றவற்றின் பின்னால் நின்றது, இப்போது மூக்கில் நேராக ஏறியது. நகப்பூச்சு நீக்கும் திரவத்தின் மெல்லிய நெடியும் கூடவே வந்தது. சூடான தொட்டியில் ஈஸ்ட்டை விரட்டி வேலை வாங்கினால் எத்தில் அசிடேட் என்ற வேதிப்பொருள் மிகும், அதன் நெடி இது. குளிரில் மறைந்திருந்த குறை, வெக்கையில் தப்ப முடியவில்லை. 24 டிகிரியில் புளிப்பு ஒரு பக்கமும் தேங்காய் ஒரு பக்கமுமாகப் பிரிந்துபோய், நடுவில் ஒன்றுமில்லாமல் ஆயிற்று. மைத்துனர் அந்தக் கட்டத்தில் தம் கோப்பையை மறுபடி ஃபிரிட்ஜில் வைத்து 14க்கு இறக்கிக் குடித்தார். நெடி அடங்கியது, ஆனால் வாயு போய்விட்டதால் வாயில் பாகு மாதிரி கனத்தது.

தின்பண்டம் பற்றிக் கேட்பார்கள் என்பதால் சுருக்கமாக: அல்வாவோடு வேண்டாம். இனிப்புக்கு இனிப்பு பொருந்தும் என்று நினைத்து வைத்தோம். அல்வாவின் நெய் நாக்கில் ஏடுபோல் படிந்து பீரை வெறும் கசப்புத் தண்ணீராக்கிவிட்டது, நஷ்டம் இருவகைக்கும். சாத்தூர் காராச்சேவு அதைவிட மோசம். மிளகாய்க் காரமும் ஆல்கஹாலும் ஒன்றையொன்று தூண்டித் தொண்டையை எரித்தன. உப்பில்லாமல் வறுத்த நிலக்கடலை ஒன்றுதான் வழிவிட்டு நின்றது.

இன்னொரு யோசனையும் இந்த வகைக்கு எப்போதும் சொல்லப்படுகிறது: வாங்கி ஐந்தாறு ஆண்டு வைத்திருந்து குடியுங்கள், இன்னும் முதிரும். ஆண்டு முழுவதும் 12 டிகிரியில் நிற்கும் நிலவறை உள்ளவர்களுக்கு அது சரி. வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரண்டு மூன்று மடங்காகும். சித்திரை வைகாசியில் நம் வீட்டு அலமாரியில் ஒரு பாட்டிலை வைத்தால், முதிர்வதற்கு முன்பே ஈர அட்டைப்பெட்டி நாற்றம் வந்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்தாலும் பழமணம்தான் முதலில் மங்கும். மரமணம் கடைசிவரை நிற்கும். ஏற்கெனவே மரம் மிஞ்சிய இந்தப் பாட்டிலுக்குக் காத்திருப்பதில் லாபமே இல்லை. கைக்கு வந்த மாதத்திலேயே திறந்துவிட வேண்டும்.

மதிப்பெண்: 13இலிருந்து 16 டிகிரியில், மணம் 9, தோற்றம் 2, சுவை 15, வாயில் உணரும் தன்மை 3, ஒட்டுமொத்தம் 7. கூட்டினால் 36. அந்தத் தாளின்படி 30இலிருந்து 37 வரை ‘மிக நன்று’ என்ற வரிசை. 38ஐத் தொட்டால்தான் அடுத்த வரிசை. 19 டிகிரிக்கு மேல் போட்டால் எனக்கு 29தான் வருகிறது.

ஒதுக்கி வைத்த பங்கை மறுநாள் மாலை எடுத்து, 14 டிகிரிக்கு வரவிட்டுக் குடித்துப் பார்த்தோம். வாயு சுத்தமாக இல்லை என்பது எதிர்பார்த்ததுதான். செர்ரியும் பாதாமும் ஓடிவிட்டிருந்தன. கருப்பட்டியும் தேங்காயும் மரமும் எஞ்சியிருந்தன. அவற்றினடியில், முதல் நாள் செர்ரியின் கணக்கில் வரவு வைத்திருந்த புளிப்பில் ஒரு பகுதி காடித்தன்மையோடு தனியே தெரிந்தது. அது பழத்தின் புளிப்பு அன்று. பீப்பாயின் இடுக்கில் காற்றுப்பட்டு வினிகர் பாக்டீரியா செய்த வேலை. அளவில் மிகக் கொஞ்சம்தான், ஆனாலும் பழத்துக்குச் சேராத புகழை அதற்குக் கொடுத்துவைக்க முடியாது. சுவையில் ஒன்றைக் குறைத்து 14 ஆக்கினேன், மொத்தம் 35. இதே ஆலை பழம் சேர்க்காமலும் ஒரு சரக்கை அதே வகைப் பீப்பாயில் வைத்து விற்கிறதாம். அடுத்த முறை வரும்போது இரண்டிலும் ஒவ்வொரு பாட்டில் வேண்டும் என்று மைத்துனரிடம் சொல்லியிருக்கிறேன்.